சிறைகளில் இடம் பெருகியும் நெரிசல் தீராதது ஏன்? இந்தியச் சிறைக் கட்டுமானமும் செலவும்: விரிவான பார்வை

புதுதில்லி: உச்ச நீதிமன்றத்தில் 2022 நவம்பர் 26-ஆம் தேதி நடைபெற்ற அரசியலமைப்பு தின விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஒரு கேள்வியை எழுப்பினார். சிறைகளில் இடமில்லை, மேலும் சிறைகள் கட்ட வேண்டும் என்கிறார்கள். நாடு வளர்ச்சியை நோக்கிச் செல்கிறது என்றால் சிறைகளின் எண்ணிக்கை குறைய வேண்டாமா என்பதே அந்தக் கேள்வியின் சாரம். சிறு குற்றச்சாட்டுகளுக்காகப் பல ஆண்டுகளாகச் சிறையில் வாடும் ஏழைகளைப் பற்றியும் அவர் அப்போது கவலை தெரிவித்தார்.

அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அரசின் புள்ளிவிவரங்களிலேயே உள்ளது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கைகள், நாட்டில் எத்தனை சிறைகள் உள்ளன, அவற்றில் எத்தனை பேருக்கு இடம் உள்ளது, எத்தனை பேர் அடைக்கப்பட்டுள்ளனர், எவ்வளவு செலவிடப்படுகிறது என்பவற்றைப் பதிவு செய்கின்றன. அந்த எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. கடந்த சில ஆண்டுகளில் கட்டப்பட்ட கூடுதல் இடங்கள் அனைத்தையும், இன்னும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர்களே நிரப்பியுள்ளனர்.

சிறை யாருடைய பொறுப்பு?

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 4-ஆவது இனமாகச் சிறைகள் இடம்பெற்றுள்ளன. எனவே சிறைகளைக் கட்டுவது, ஊழியர்களை நியமிப்பது, கைதிகளுக்கு உணவும் மருத்துவமும் அளிப்பது ஆகிய அனைத்தும் மாநில அரசுகளின் கடமை. மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வகுக்கிறது. குறிப்பிட்ட திட்டங்களின் கீழ் நிதியுதவி அளிக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே நீண்ட காலமாக இத்துறையின் அடிப்படைச் சட்டமாக இருந்துவருகிறது. மத்திய உள்துறை அமைச்சகம் 2016-இல் மாதிரிச் சிறைக் கையேட்டையும், 2023-இல் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தையும் மாநிலங்களுக்கு அனுப்பியது. இவற்றை ஏற்பதும் மாற்றி அமைப்பதும் மாநிலங்களின் விருப்பத்தைப் பொறுத்தது.

சிறைகள் குறைந்தன, இடங்கள் கூடின

2015-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் 1,401 சிறைகள் இருந்தன. 2022-இன் இறுதியில் இந்த எண்ணிக்கை 1,330 ஆகக் குறைந்தது. இதை மட்டும் பார்ப்பவருக்குச் சிறைக் கட்டுமானம் நின்றுவிட்டதாகத் தோன்றக்கூடும். உண்மை நிலை வேறு. இதே காலத்தில் சிறைகளின் மொத்தக் கொள்ளளவு 3,66,781-இலிருந்து 4,36,266 ஆக, அதாவது சுமார் 19 சதவீதம் உயர்ந்துள்ளது.

சிறைகளின் வகைகளைப் பார்த்தால் இந்த முரண்பாடு விளங்கும். தாலுகா அளவில் இயங்கும் கிளைச் சிறைகள் 741-இலிருந்து 574 ஆகக் குறைந்தன. மத்திய சிறைகள் 134-இலிருந்து 149 ஆகவும், மாவட்டச் சிறைகள் 379-இலிருந்து 428 ஆகவும் உயர்ந்தன. பெண்களுக்கான தனிச் சிறைகள் 18-இலிருந்து 34 ஆகவும், திறந்தவெளிச் சிறைகள் 63-இலிருந்து 91 ஆகவும் பெருகின. எஞ்சியவை சிறப்புச் சிறைகள், இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் உள்ளிட்டவை.

சுருக்கமாகக் கூறினால், சிறிய சிறைகள் குறைந்து பெரிய சிறைகள் கூடுகின்றன. நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக்கும் இது வசதியானது. ஆனால், தாலுகா நீதிமன்றத்துக்கு அருகிலேயே இருந்த கிளைச் சிறை மூடப்படும்போது, விசாரணைக் கைதி தன் வழக்கு நடைபெறும் ஊரிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் விலகிச் செல்ல நேரிடுகிறது.

கூடிய இடங்களில் இருப்பவர்கள் யார்?

2015-இன் இறுதியில் சிறைகளில் 4,19,623 பேர் இருந்தனர். 2022-இன் இறுதியில் 5,73,220 பேர் இருந்தனர். கொள்ளளவு 19 சதவீதம் உயர்ந்த காலத்தில் கைதிகளின் எண்ணிக்கை சுமார் 37 சதவீதம் உயர்ந்துள்ளது. விளைவாக, 100 பேருக்கான இடத்தில் 2015-இல் 114 பேர் இருந்த நிலை மாறி, 2022-இல் 131 பேர் இருந்தனர்.

இந்த உயர்வுக்குக் காரணம் தண்டனை பெற்றவர்கள் அல்லர். 2015-இல் 1,34,168 ஆக இருந்த தண்டனைக் கைதிகளின் எண்ணிக்கை 2022-இல் 1,33,415 ஆகவே இருந்தது. ஏழு ஆண்டுகளில் அது ஏறவில்லை, சற்றே குறைந்துள்ளது. விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கையோ 2,82,076-இலிருந்து 4,34,302 ஆக, அதாவது சுமார் 54 சதவீதம் உயர்ந்துள்ளது.

ஏழு ஆண்டுகளில் கூடுதலாக உருவாக்கப்பட்ட இடங்கள் சுமார் 69,500. அதே காலத்தில் கூடுதலாகச் சேர்ந்த விசாரணைக் கைதிகள் சுமார் 1,52,000 பேர். புதிய சுவர்கள் எழும்பிய வேகத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் விசாரணைக் கைதிகள் உள்ளே வந்துள்ளனர். 2022-இல் சிறையில் இருந்த நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களில் 11,000-க்கும் மேற்பட்டோர் தீர்ப்பு வராமலேயே ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே இருந்தவர்கள்.

உலக அளவில் ஒப்பிட்டால் இந்தியா அதிகம் பேரைச் சிறைப்படுத்தும் நாடு அன்று. மக்கள்தொகையில் லட்சம் பேருக்குச் சுமார் 41 பேர் என்ற அளவிலேயே இங்கு கைதிகள் உள்ளனர். அமெரிக்காவில் இந்த விகிதம் 500-ஐ ஒட்டியும் அதைத் தாண்டியும் இருந்துவந்துள்ளது. ஆகவே இங்குள்ள சிக்கல், தண்டனை பெற்றவர்கள் மிகுதியாக இருப்பது அன்று. தீர்ப்புக்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் மிகுதியாக இருப்பதே ஆகும்.

2023: கட்டாமலேயே குறைந்த நெரிசல்

இந்தக் கணக்குக்கு வலுச்சேர்க்கும் சான்று 2023-ஆம் ஆண்டின் அறிக்கையில் உள்ளது. அந்த ஆண்டின் இறுதியில் நாட்டில் 1,332 சிறைகள் இருந்தன. கொள்ளளவு 4,39,119. முந்தைய ஆண்டைவிடச் சிறைகள் இரண்டும், இடங்கள் 2,853-உம் மட்டுமே கூடியிருந்தன. ஆனால் கைதிகளின் எண்ணிக்கை 5,30,333 ஆகக் குறைந்தது. நிரம்பல் விகிதம் 131.4 சதவீதத்திலிருந்து 120.8 சதவீதமாக இறங்கியது.

இந்த இறக்கத்தில் புதிய இடங்களின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி மட்டுமே. மீதி அனைத்தும், விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை 4,34,302-இலிருந்து 3,89,910 ஆகக் குறைந்ததால் கிடைத்தது. இதே நிலையைக் கட்டடங்களால் மட்டும் எட்டியிருக்க வேண்டுமானால், ஒரே ஆண்டில் 38,000-க்கும் மேற்பட்ட புதிய இடங்கள் தேவைப்பட்டிருக்கும். 2015 முதல் 2022 வரை கட்டுமானம் நடந்த வேகத்தில் அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இருப்பினும் 2023-இலும் சிறைவாசிகளில் 73.5 சதவீதத்தினர் விசாரணைக் கைதிகளே என்பது குறிப்பிடத்தக்கது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு

தேசிய சராசரி பல வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. 2021-ஆம் ஆண்டின் அறிக்கைப்படி உத்தரகண்ட், உத்தரப் பிரதேசம், தில்லி ஆகியவற்றில் நிரம்பல் விகிதம் 180 சதவீதத்தைக் கடந்திருந்தது. அதாவது 100 பேருக்கான இடத்தில் 180-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். நாட்டிலேயே அதிகக் கைதிகளைக் கொண்ட மாநிலம் உத்தரப் பிரதேசம். 2022-இல் அங்கு 1,20,000-க்கும் மேற்பட்டோர் சிறைகளில் இருந்தனர். தமிழ்நாட்டில் மாநில அளவிலான நிரம்பல் விகிதம் 100 சதவீதத்துக்குக் கீழே உள்ளது.

இந்தச் சதவீதங்கள் ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடத்தைக் குறிக்கின்றன? கைதிகள் கூட்டாக உறங்கும் கூடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3.71 சதுர மீட்டர், அதாவது சுமார் 40 சதுர அடி தரைப்பரப்பு வேண்டும் என்று மாதிரிச் சிறைக் கையேடு வரையறுக்கிறது. இந்த அளவின்படி கட்டப்பட்ட ஒரு கூடத்தில் 180 சதவீதம் பேர் அடைக்கப்பட்டால், ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 22 சதுர அடி. ஒருவர் கால் நீட்டிப் படுப்பதற்கான இடம் அவ்வளவே. கழிவறை, குடிநீர், மருத்துவர், உறவினர் சந்திப்பு நேரம் ஆகிய அனைத்தும் இதே விகிதத்தில் பங்கிடப்படுகின்றன.

பெண் கைதிகளின் நிலை தனிக் கவனத்துக்குரியது. மொத்தக் கைதிகளில் அவர்கள் சுமார் 4 சதவீதத்தினர். தனிச் சிறைகள் 34 ஆக உயர்ந்திருந்தாலும், பல மாநிலங்களில் அத்தகைய சிறை ஒன்றுகூட இல்லை. ஆண்களுக்காகக் கட்டப்பட்ட வளாகங்களின் ஒரு மூலையில் தடுக்கப்பட்ட பகுதியே பெரும்பாலான பெண்களின் சிறையாக உள்ளது. தாயுடன் சிறையில் வளரும் குழந்தைகளும் நாடு முழுவதும் 1,500-க்கும் மேல் உள்ளனர்.

கட்டுமானத்துக்கு மத்திய நிதி: இரு கட்டங்கள்

சிறைக் கட்டுமானத்தில் மத்திய அரசு பெருமளவில் இறங்கியது 2002-03-இல் தான். சிறைகளை நவீனப்படுத்தும் திட்டம் என்ற பெயரில் 27 மாநிலங்களுக்கு 1,800 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் தொடங்கப்பட்டது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் 75-க்கு 25 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டன. 2009 வரை நீடித்த இத்திட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய சிறைகளும், பழைய சிறைகளுக்குள் 1,500-க்கும் மேற்பட்ட கூடுதல் தங்குமிடங்களும், ஊழியர்களுக்கு 8,500-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளும் கட்டப்பட்டன. இன்று பல மாவட்டங்களில் காணப்படும் புதிய சிறை வளாகங்கள் அக்காலத்தில் எழுந்தவையே.

இரண்டாம் கட்டத்தின் நோக்கம் வேறு. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 950 கோடி ரூபாய் மதிப்பில் சிறை நவீனமயமாக்கல் திட்டத்தை உள்துறை அமைச்சகம் அறிவித்தது. இந்த நிதி முதன்மையாகப் பாதுகாப்புக் கருவிகளுக்கானது. கண்காணிப்புக் கேமராக்கள், உடலைச் சோதிக்கும் ஸ்கேனர்கள், உலோகம் கண்டறியும் வாயில்கள், காணொலி வாயிலாக நீதிமன்ற விசாரணை நடத்தும் வசதிகள் ஆகியவை இதில் அடங்கும். முதல் கட்டத்தில் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சென்ற மத்திய நிதி, இரண்டாம் கட்டத்தில் கேமராவுக்கும் கணினிக்கும் சென்றது. கட்டடம் எழுப்பும் செலவு பெரும்பாலும் மாநிலங்களின் தோளுக்கே திரும்பியுள்ளது.

நகரின் நடுவிலிருந்து புறநகருக்கு

ஆங்கிலேயர் காலத்தில் ஊருக்கு வெளியே கட்டப்பட்ட சிறைகள், நகரங்கள் வளர்ந்ததால் இன்று மதிப்பு மிகுந்த நிலத்தின் நடுவில் நிற்கின்றன. அவற்றைப் புறநகருக்கு மாற்றி, பழைய நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது கடந்த இருபது ஆண்டுகளில் தொடர்ந்து காணப்படும் போக்கு.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் 1837 முதல் இயங்கிய மத்திய சிறையிலிருந்து கைதிகள் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். பழைய கட்டடம் 2009-இல் இடிக்கப்பட்டது. கொல்கத்தாவின் அலிப்பூர் மத்திய சிறையிலிருந்து கைதிகள் 2019-இல் புறநகரான பாருய்ப்பூருக்கு மாற்றப்பட்டனர். விடுதலைப் போராட்டத் தலைவர்கள் பலர் அடைக்கப்பட்டிருந்த அந்த வளாகம் 2022-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தெலங்கானாவில் நிஜாம் காலத்து வாரங்கல் மத்திய சிறை 2021-இல் இடிக்கப்பட்டு, அந்த நிலம் உயர் சிறப்பு மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டது. கோவையிலும் மத்திய சிறைக்குரிய நிலத்தில் செம்மொழிப் பூங்கா அமைக்கப்பட்டதுடன், சிறையை நகருக்கு வெளியே கொண்டுசெல்லும் பணியும் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

தலைநகர் தில்லி இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 1958-இல் தொடங்கிய திகார் வளாகத்தின் நெரிசலைக் குறைக்க 2004-இல் ரோகிணியிலும், 2016-இல் மண்டோலியிலும் புதிய சிறைகள் திறக்கப்பட்டன. திகாரில் 5,200, மண்டோலியில் 3,776, ரோகிணியில் 1,050 என மொத்தம் 10,026 பேருக்கு இடம் உள்ளது. ஆனால் மண்டோலி திறக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே நெரிசல் மீண்டும் பழைய நிலைக்கு ஏறியது. 2025-26-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், திகார் சிறையை நகருக்கு வெளியே மாற்றுவது குறித்த ஆய்வுக்காக தில்லி அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இடமாற்றத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. சிறை தொலைவுக்குச் செல்லும்போது, நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் காவல் படையின் தேவையும் போக்குவரத்துச் செலவும் கூடுகின்றன. வழிக்காவல் கிடைக்காத நாளில் விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது; கைதியின் சிறைவாசம் நீள்கிறது. காணொலி விசாரணை இந்தச் சுமையை ஓரளவு குறைத்துள்ளது. ஆனால் அன்றாடக் கூலிக்குச் செல்லும் ஒரு குடும்பம் இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் வருமானத்தை இழந்து சிறைவாசலுக்கு வர வேண்டிய நிலையைக் காணொலி மாற்றிவிடாது.

பணம் எங்கே செல்கிறது?

நாட்டின் சிறைகள் அனைத்துக்கும் 2019-20-இல் ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 6,818 கோடி ரூபாய். உண்மையில் செலவிடப்பட்டது சுமார் 5,958 கோடி. 2021-22-இல் ஒதுக்கீடு சுமார் 7,600 கோடியாக உயர்ந்தது; செலவு சுமார் 6,700 கோடி. இரு ஆண்டுகளிலும் ஏறத்தாழ 850 முதல் 900 கோடி ரூபாய் வரை செலவிடப்படாமல் எஞ்சியது. மத்திய அரசு ஐந்து ஆண்டுகளுக்கு அறிவித்த நவீனமயமாக்கல் நிதிக்கு ஏறக்குறைய இணையான தொகை, ஒரே ஆண்டில் பயன்படாமல் நின்றது என்பது இதன் பொருள்.

செலவான தொகையிலும் பெரும்பகுதி ஊழியர்களின் ஊதியம், நிர்வாகம், உள்கட்டமைப்பு ஆகியவற்றுக்கே செல்கிறது. 2019-20-இல் கைதிகளுக்காக நேரடியாகச் செலவிடப்பட்டது 2,061 கோடி ரூபாய். மொத்தச் செலவில் இது சுமார் 35 சதவீதம். அதில் ஏறத்தாழ பாதி, அதாவது 986 கோடி ரூபாய், உணவுக்குச் சென்றது. மருத்துவத்துக்குச் சுமார் 89 கோடி, அதாவது 4.3 சதவீதம். உடை, நலப்பணிகள், கல்வி மற்றும் தொழிற்பயிற்சி ஆகிய மூன்றுக்கும் தலா ஒரு சதவீதத்தை ஒட்டிய தொகையே கிடைத்தது.

தனிநபர் கணக்கில் பார்த்தால், ஒரு கைதிக்காக நாளொன்றுக்கு நேரடியாகச் செலவிடப்பட்டது சராசரியாகச் சுமார் 118 ரூபாய். ஊதியம் உள்ளிட்ட மொத்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒருவரை ஒரு நாள் சிறையில் வைக்கச் சுமார் 340 ரூபாய், ஓராண்டுக்குச் சுமார் 1.24 லட்சம் ரூபாய் ஆகிறது. சிறைகள் சீர்திருத்த இல்லங்கள் என அழைக்கப்பட்டாலும், சீர்திருத்தத்துக்கென அமைந்த கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது.

கட்டடம் உண்டு, ஆள் இல்லை

புதிய சிறையைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. அதை இயக்குவது ஆண்டுதோறும் தொடரும் செலவு. காவல் பணியில் ஆறு கைதிகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று மாதிரிக் கையேடு கூறுகிறது. ஆனால் 2019-இன் இறுதியில் அனுமதிக்கப்பட்ட 87,599 சிறைப் பணியிடங்களில் 60,787 மட்டுமே நிரப்பப்பட்டிருந்தன. பத்தில் மூன்று இடங்கள் காலி என்ற இந்த நிலை அதன் பிறகும் பெரிதாக மாறவில்லை.

மனநலத் துறையில் பற்றாக்குறை இன்னும் கடுமையானது. 5.7 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகளுக்கு நாடு முழுவதும் 25 மனநல நிபுணர்களே இருந்ததாக 2025-ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஆள் பற்றாக்குறை நேரடியாகக் கைதியின் வாழ்க்கையைப் பாதிக்கிறது. காவலர் போதாத சிறையில் கைதிகள் அதிக நேரம் அறைக்குள்ளேயே பூட்டப்படுகின்றனர். பயிற்சிக் கூடம் இருந்தும் திறக்க ஆளில்லை. புதிய வளாகம் ஒன்றைத் திறப்பதற்காகப் பழைய சிறையிலிருந்து காவலர்களை மாற்றினால், பற்றாக்குறை இரண்டு இடங்களுக்கும் பங்கிடப்படுகிறதே தவிரத் தீர்வதில்லை.

நெரிசலின் வேர்: ஜாமீன்

விசாரணைக் கைதிகள் பெருகுவதற்குத் தேவையற்ற கைதுகள், விசாரணையில் தாமதம், ஜாமீன் மறுப்பு எனப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் ஏழைகளை நேரடியாகத் தாக்குவது, ஜாமீன் கிடைத்தும் அதற்கான தொகையையோ பிணையாளரையோ காட்ட இயலாமை. விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி மற்றும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள். பெரும்பான்மையினர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள்.

இந்தச் சிக்கல் புதியதன்று. 1978-இல் மோதி ராம் வழக்கில், ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்ப் பிணை கேட்டதையும், வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகப் பிணையாளரை நிராகரித்ததையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான அமர்வு கண்டித்தது. பிகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் வாடியவர்கள் தொடர்பான 1979-ஆம் ஆண்டின் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், விரைவான விசாரணை என்பது அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

அதன் பிறகும் சட்டத்தில் பல வழிகள் திறக்கப்பட்டன. குற்றச்சாட்டுக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்தவரை ஜாமீனில் விடுவிக்க வழிசெய்யும் 436ஏ பிரிவு, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இந்தக் காலத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. தகுதியுள்ள கைதிக்காக நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு விதிக்கப்பட்டுள்ளது. புதிய சட்டத்துக்கு முன்பே பதிவான வழக்குகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

ஜாமீன் உத்தரவு கிடைத்தும் விடுதலையாகாதவர்களின் விவரங்களைக் குடியரசுத் தலைவரின் உரைக்குச் சில நாள்களுக்குப் பின் உச்ச நீதிமன்றம் கேட்டது. 2023 ஜனவரி 31-இல் அது பிறப்பித்த வழிகாட்டுதல்களின்படி, ஜாமீன் உத்தரவின் நகல் மின்னஞ்சல் வாயிலாகச் சிறைக்கு அனுப்பப்பட வேண்டும். ஏழு நாள்களுக்குள் ஒருவர் விடுவிக்கப்படாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணமில்லாமல் உள்ளே இருப்பவர்களுக்கென 2023-24-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் ஏழைக் கைதிகளுக்கான ஆதரவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஜாமீன் தொகை செலுத்த இயலாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் செலுத்த இயலாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்க இத்திட்டத்தின் தொடக்க நெறிமுறைகள் வகைசெய்தன. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் இதற்கென ஒதுக்கப்பட்டது. இந்த நிதியைப் பயன்படுத்துமாறு மாநிலங்களுக்கு உள்துறை அமைச்சகம் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருந்தது.

முன்னர்க் கண்ட சராசரிச் செலவோடு இதை ஒப்பிடலாம். தொடக்க நெறிமுறைகள் ஒருவருக்கு வகைசெய்த 40,000 ரூபாய், அவரைச் சுமார் நான்கு மாதங்கள் சிறையில் வைக்க ஆகும் சராசரிச் செலவுக்குச் சமம். ஒருவர் வெளியேறுவதால் மட்டும் ஊழியர் ஊதியம் குறைந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினால் புதிய கட்டடத்தின் தேவையே தள்ளிப்போகிறது.

சுவரில்லாச் சிறைகள்

மூடிய சிறைகளுக்கு மாற்றாக முன்வைக்கப்படுபவை திறந்தவெளிச் சிறைகள். ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் 1963-இல் தொடங்கப்பட்ட சம்பூர்ணானந்த் திறந்தவெளி முகாம் இதற்கு முன்மாதிரி. அங்குள்ள கைதிகள் குடும்பத்துடன் வசிக்கலாம். காலையில் வெளியே வேலைக்குச் சென்று மாலை வருகைப் பதிவுக்குத் திரும்ப வேண்டும். தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்வதால் அரசுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உயர்ந்த சுவர்களும் பெரும் காவல் படையும் தேவைப்படுவதில்லை. நாட்டிலேயே அதிகமான திறந்தவெளிச் சிறைகளைக் கொண்ட மாநிலமும் ராஜஸ்தானே.

தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் உள்ளது போன்ற திறந்தவெளிச் சிறைகளில் கைதிகள் வேளாண் பணிகளில் ஈடுபடுகின்றனர். ஆயினும் நாடு முழுவதும் இத்தகைய சிறைகள் நூற்றை எட்டவில்லை. மேலும், இவை பெரும்பாலும் நன்னடத்தையுடன் தண்டனையின் ஒரு பகுதியைக் கழித்தவர்களுக்கானவை. எனவே விசாரணைக் கைதிகளின் நெரிசலுக்கு இவை நேரடித் தீர்வாகா. தண்டனைக் கைதிகளுக்கான செலவைக் குறைத்து, மூடிய சிறைகளில் இடத்தை விடுவிக்கும் வழியாக அமையும்.

அடுத்து என்ன?

புதிய சிறைகளே வேண்டாம் என இந்தப் புள்ளிவிவரங்கள் கூறவில்லை. நூறாண்டு கடந்த கட்டடங்கள் பல இடிந்துவிழும் நிலையில் உள்ளன. பெண்களுக்கான தனிச் சிறைகளும், மருத்துவப் பிரிவுகளும், காற்றோட்டமுள்ள தங்கும் கூடங்களும் உண்மையான தேவைகள். 1980-களில் நீதிபதி ஏ.என். முல்லா தலைமையிலான குழு சிறைகளின் நிலையை எடுத்துரைத்த காலத்திலிருந்து இவை வலியுறுத்தப்பட்டு வருகின்றன.

ஆனால் பழுதான கட்டடத்தை மாற்றிக் கட்டுவது வேறு. நெரிசலைத் தீர்ப்பதற்காகக் கட்டிக்கொண்டே செல்வது வேறு. 2015 முதல் 2022 வரை கட்டுமானம் தொடர்ந்தது; நெரிசல் கூடியது. 2023-இல் கட்டுமானம் ஏறக்குறைய நின்ற நிலையிலும் நெரிசல் குறைந்தது. இரண்டு காலங்களிலும் முடிவைத் தீர்மானித்தது, தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கையே.

இனிவரும் ஆண்டறிக்கைகளில் மூன்று எண்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, 479-ஆவது பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. இரண்டு, ஏழைக் கைதிகளுக்கான நிதியில் செலவிடப்பட்ட தொகை. மூன்று, காலியாக உள்ள சிறைப் பணியிடங்கள். கொள்ளளவு எத்தனை ஆயிரம் கூடியது என்பதைவிட, குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விக்கு நாடு என்ன விடை அளிக்கிறது என்பதை இந்த மூன்று எண்களே காட்டும்.